அகோரா: தப்பெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறதா?

ஒரு வாசகர், 3 ஜூன்

'அகோரா' (2009) படத்தை இப்போதுதான் பார்த்தேன். கிறிஸ்தவர்கள் என்றாலே கறுப்பு அங்கி, கையில் கல், கண்ணில் வெறி. அவர்கள் நூலகத்தைச் சூறையாடுகிறார்கள், யூதர்களை விரட்டுகிறார்கள், கடைசியில் ஹைப்பேஷியா என்ற கணித மேதையைக் கொல்கிறார்கள். அந்தக் கொலை அரசியல் சண்டையில் நடந்தது, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படித்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இது வரலாற்று வேடம் போட்ட மத வெறுப்பு. இல்லை என்று யாராவது ஆதாரத்தோடு சொல்லுங்கள், பார்ப்போம்.

என் பதில், 3 ஜூன், இரவு 11.20

பாதி சரி, பாதி இல்லை. கொலை நடந்தது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரம், கி.பி. 415 மார்ச், தவக்காலம். வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹைப்பேஷியாவை வண்டியிலிருந்து இழுத்து, கைசரியோன் என்ற தேவாலயத்துக்குள் கொண்டுபோய், ஆடையைக் களைந்து, ஓடுகளால் கொன்று, உடலைக் கூறுபோட்டு எரித்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் பீட்டர், தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் பொறுப்பில் இருந்தவன். இதையெல்லாம் எழுதி வைத்தது ஏதோ நாத்திகர் இல்லை. கான்ஸ்டான்டினோபிளில் இருந்த சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் என்ற கிறிஸ்தவர், திருச்சபையின் வரலாற்றாசிரியர். சம்பவம் நடந்து ஒரு தலைமுறைக்குள் எழுதுகிறார். இந்தக் கொலையால் ஆயர் சிரிலுக்கும் அலெக்சாண்ட்ரியா சபைக்கும் பெரும் அவப்பெயர் வந்தது, இப்படிப்பட்ட காரியம் கிறிஸ்துவின் வழிக்கு அந்நியமானது என்று அவரே எழுதுகிறார்.

ஆகவே கொலையைக் காட்டியதை வெறுப்பு என்று சொன்னால், முதல் குற்றவாளி திருச்சபையின் சொந்த வரலாற்றாசிரியராகிவிடுவார்.

சரித்திரப் படம் என்றால் தப்பு இருக்கும். தப்பு எத்தனை என்று எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் அது அசட்டை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் சார்பு. இந்தப் படத்தை அப்படி அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

4 ஜூன், காலை

நூலகத்தில் ஆரம்பிக்கிறேன்.

அலெக்சாண்ட்ரியாவின் பேர்பெற்ற பெரிய நூலகம் அரண்மனைப் பகுதியில் இருந்தது. படத்தில் சூறையாடப்படுவது செராபிஸ் கடவுளின் கோயிலான செராபியம். அங்கே ஒரு கிளை நூலகம் இருந்தது உண்மை. கோயிலை இடித்ததும் உண்மை, 391 அல்லது 392இல், சிரிலின் மாமா தியோஃபிலஸ் ஆயராக இருந்தபோது. ஆனால் அந்த இடிப்பை விவரிக்கும் பழைய எழுத்தாளர்கள் யாரும் புத்தகங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. ரூஃபினஸ் சொல்லவில்லை, சாக்ரடீஸ் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களை அறவே பிடிக்காத யூனாபியஸ்கூடச் சொல்லவில்லை. கிடைத்த கல்லையெல்லாம் அவர்கள்மேல் எறிகிற ஆள் அவர், இந்தக் கல்லை மட்டும் விட்டுவைத்திருப்பாரா? அம்மியானஸ் மார்செலினஸ் என்ற ரோமானியர் இடிப்புக்கு முன்பே செராபியத்தைப் பற்றி எழுதியவர். அவரே அங்கிருந்த நூலகங்களைப் பழைய காலத்துச் செய்தியாகத்தான் குறிப்பிடுகிறார். பிற்பாடு ஒரோசியஸ் என்ற கிறிஸ்தவர், கோயில்களில் காலியான புத்தக அலமாரிகளை நானே பார்த்தேன், நம் ஆட்கள்தான் காலி செய்தார்கள் என்று எழுதுகிறார். எந்தக் கோயில், எந்த ஊர் என்று சொல்லாமல் போய்விடுகிறார். கையில் இருக்கும் சாட்சி இவ்வளவுதான்.

இந்த நூலகத்துக்கு ஒரு ராசி. அதை எரித்ததாக எல்லாத் தரப்பின் மீதும் வழக்கு இருக்கிறது. கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் வைத்த தீ, அப்புறம் 270களில் அரண்மனைப் பகுதியைத் தரைமட்டமாக்கிய பேரரசன் ஆரேலியனின் போர், அப்புறம் தியோஃபிலஸ், கடைசியாக கலீஃபா உமர். உமர் கதைப்படி புத்தகங்கள் ஆறு மாதம் குளியலறைகளுக்கு விறகாக எரிந்தன. அந்தக் கதை எழுத்தில் வருவது 13ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான், சொல்லப்பட்ட சம்பவத்துக்கு 500 ஆண்டுக்கு மேல் கழித்து. யாருக்கு யார்மேல் கோபமோ அவர் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்துவிடலாம். படம் தன் விருப்பப்படி ஒருவர் கையில் கொடுத்திருக்கிறது.

இந்தத் தப்பு கிறிஸ்தவர்களுக்கு எதிராகச் சாய்கிறது. முதல் புள்ளி உங்களுக்கு.

4 ஜூன், மதியம்

இன்னொன்று. படம் 391இல் ஆரம்பித்து 415இல் முடிகிறது. இடையில் 24 ஆண்டு. நாயகி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, தலையில் ஒரு நரை இல்லை. கொல்லப்பட்டபோது ஹைப்பேஷியாவுக்குக் குறைந்தது 45 வயது, 60ஆகவும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இந்தத் தப்பு எந்த மதத்தின் பக்கமும் சாயவில்லை, டிக்கெட் கவுண்டர் பக்கம் சாய்கிறது.

5 ஜூன்

"கோயில் இடிப்புக்கு முன் நடந்த கலவரத்தையும் ஒருதலையாகத்தான் காட்டுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். வாளை முதலில் உருவுவது கிறிஸ்தவர்கள் இல்லை. தெய்வத்தை அவமதித்துவிட்டார்கள் என்று கிளம்புகிற பழைய மதத்துக்காரர்கள்தான். ஹைப்பேஷியாவின் அப்பா தியோனே அதற்குத் தலையாட்டுகிறார். மூலத்தில் இதைவிட மோசம். செராபியத்துக்குள் பதுங்கிய கூட்டம் கிறிஸ்தவர்களைப் பிடித்து வந்து பலி கொடுக்க வற்புறுத்தியது, மறுத்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்றது என்கிறார் ரூஃபினஸ். சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஹெல்லாடியஸ் என்று ஒருவர். அந்தக் கலவரத்தில் என் கையால் ஒன்பது பேரைக் கொன்றேன் என்று பெருமையடித்துக்கொள்வாராம் அந்த வாத்தியார். வாழ்நாள் முழுக்க அந்த வாத்தியாரை மறக்காமல் இருந்த மாணவன்தான் பின்னால் வரலாறு எழுதினான்.

படம் ஹெல்லாடியஸைக் காட்டவில்லை. ஆனால் பேரரசரின் ஆணையை ஒழுங்காகக் காட்டுகிறது: பழைய மதத்தாருக்கு மன்னிப்பு, கோயில் மட்டும் கைமாறும். இந்தப் பகுதியில் படம் மூலத்துக்கு நெருக்கமாகவே நடக்கிறது.

5 ஜூன், இரவு

முதல் தடவை இதைக் கல்லூரி நண்பன் ஒருவனோடு சேர்ந்து பார்த்தேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன். படம் முடிந்ததும் சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன், பிடிக்கவில்லை. ரொட்டி கொடுக்கிற காட்சி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான். பசித்தவர்களுக்கு ரொட்டியைப் பங்கிட, டாவுஸ் என்ற அடிமையை ஒரு துறவி அழைத்துப்போவாரே, அந்தக் காட்சி. அடிமைக்கும் ஏழைக்கும் அந்தப் புதிய மதம் ஏன் பிடித்தது என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் படம் புரிந்துகொண்டிருக்கிறது. மேட்டுக்குடி வகுப்பறையில் வானியல் பாடம் நடக்கும்போது, நீர்க்குவளையோடு ஓரத்தில் நிற்கிற பையன் அவன். பாடம் அவனுக்குப் புரிகிறது, ஆனால் அவன் அங்கே பொருள், ஆள் இல்லை.

டாவுஸ் கற்பனைப் பாத்திரம்தான். இருந்தாலும் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் நம்பும்படி இருந்தவன் அவன்தான்.

பிறகு நண்பன் ஒரு கேள்வி கேட்டான்: "சாமி கும்பிட்டுக்கொண்டே யோசிக்கிறவன் ஒருத்தனாவது அதில் இருந்தானா?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அதைத் தனியாக எழுத வேண்டும், ஹைப்பேஷியாவின் மாணவர் சினேசியஸைப் பற்றி.

7 ஜூன்

சினேசியஸுக்கு முன்னால் கொலையின் காரணத்தை முடித்துவிடுகிறேன். படம் நிஜமாகவே சறுக்குகிற இடம் இதுதான், யாரும் கவனிப்பதில்லை.

சாக்ரடீஸ் எழுதிய மூலத்தில் வரிசை இப்படி. அரங்கில் யூதர்களின் நடன நிகழ்ச்சி தொடர்பாக ஆளுநர் ஒரெஸ்டஸ் ஓர் ஆணை போடுகிறார். அதைக் கேட்க வந்த கூட்டத்தில் சிரிலின் ஆளான ஹீராக்ஸ் என்ற ஆசிரியன் இருக்கிறான். இவன் கலகம் மூட்ட வந்திருக்கிறான் என்று யூதர்கள் கத்த, ஒரெஸ்டஸ் அவனை அங்கேயே பிடித்துச் சித்திரவதை செய்கிறார். சிரில் யூதத் தலைவர்களை மிரட்டுகிறார். ஓர் இரவு, தேவாலயம் தீப்பிடித்துவிட்டது என்று கூவி, அணைக்க ஓடிவந்த கிறிஸ்தவர்களை யூதர்களில் ஒரு கூட்டம் கொல்கிறது. விடிந்ததும் சிரில் படையோடு கிளம்பி யூதர்களை ஊரைவிட்டே துரத்துகிறார், சொத்தைச் சூறையாட விடுகிறார். இது ஆளுநரின் அதிகாரத்தில் கைவைக்கிற வேலை. ஒரெஸ்டஸ் பேரரசருக்கு எழுதுகிறார், சிரிலும் எழுதுகிறார். சமரசம் பேச சிரில் நற்செய்தி நூலை நீட்டுகிறார், ஒரெஸ்டஸ் மசியவில்லை. மலையிலிருந்து துறவிகள் இறங்கி வந்து ஆளுநரை வழிமறிக்கிறார்கள், அம்மோனியஸ் என்பவன் எறிந்த கல் அவர் மண்டையை உடைக்கிறது. அவனைச் சித்திரவதையில் சாகடிக்கிறார் ஆளுநர். சிரில் அவனுக்குத் தௌமாசியஸ் என்று புதுப் பெயர் சூட்டித் தியாகியாக்குகிறார். ஊரில் இருந்த நிதானமான கிறிஸ்தவர்களே அதை ஏற்கவில்லை என்கிறார் சாக்ரடீஸ்.

இந்தச் சூழலில்தான் ஒரு வதந்தி: ஆளுநரும் ஆயரும் சமரசம் ஆகாததற்கு ஹைப்பேஷியாதான் காரணம். ஆளுநர் அவளோடு அடிக்கடி பேசுகிறார். அவள்தான் தடுக்கிறாள்.

படம் இதில் இரண்டு மாற்றம் செய்கிறது. ஒன்று, ஹீராக்ஸ் இல்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் யூதர்கள்மேல் ஆயரின் ஆட்களான பாராபலானிகள் சும்மா வந்து கல்லெறிகிறார்கள். ஆளுநரின் சித்திரவதை காணாமல் போய்விட்டது. இரண்டாவது இதைவிடப் பெரியது. சிரில் நீட்டுகிற புத்தகத்திலிருந்து, பெண் போதிக்கக் கூடாது, அடங்கி இருக்க வேண்டும் என்ற திமொத்தேயு நிருபப் பகுதியை வாசித்து எல்லோரையும் மண்டியிடச் சொல்கிறார். மூலத்தில் சமரசத்துக்கு நீட்டிய நூல், படத்தில் ஹைப்பேஷியாவுக்கு வைத்த பொறியாகிவிடுகிறது. அந்த நிருபம் இருக்கிறது, அதில் அப்படி எழுதியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கொலைக்கு அதைக் காரணமாக எந்தப் பழைய சாட்சியும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர் "அரசியல், மதம் இல்லை" என்றார். ஆயர் படை வைத்திருக்கிற ஊரில் இரண்டையும் எந்தக் கத்தியால் பிரிப்பது? அதிகாரச் சண்டை ஆயருக்கும் ஆளுநருக்கும். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். துறவிகள் சிலை வணங்கி என்று ஏசியபோது ஒரெஸ்டஸ், எனக்குக் கான்ஸ்டான்டினோபிளில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று கத்துகிறார். கிறிஸ்தவர் இருவர் சண்டையில் நடுவில் நின்ற கிறிஸ்தவர் அல்லாதவள் செத்தாள். படத்தைவிடப் பெரிய கதை இது.

7 ஜூன், பின்குறிப்பு

பாராபலானிகள் என்பவர்கள் நோயாளிகளைப் பராமரிக்க ஆயர் வைத்திருந்த ஆட்கள். கொன்றது அவர்கள்தான் என்று சாக்ரடீஸ் சொல்லவில்லை. ஆனால் 416இல், அதாவது அடுத்த ஆண்டே, அவர்கள் எண்ணிக்கை 500க்கு மேல் போகக் கூடாது, அரங்குக்கும் நீதிமன்றத்துக்கும் கும்பலாக வரக் கூடாது என்று பேரரசின் சட்டம் வருகிறது. மருத்துவமனை ஊழியர்களுக்கு எதற்கு இப்படி ஒரு சட்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 418இல் அதை 600 ஆக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

8 ஜூன்

"மாதவிடாய்த் துணியைக் காட்டிக் காதலை மறுக்கிற காட்சி இயக்குநரின் அதிர்ச்சி வைத்தியம்" என்று ஒருவர். இல்லை சார். அது டமாஸ்கியஸ் என்ற கிறிஸ்தவர் அல்லாத தத்துவவாதி எழுதிய பழைய கதை. உனக்குப் பிடித்தது இதுதானே, இதில் என்ன அழகு இருக்கிறது என்று கேட்டாளாம். அங்கே அவன் பெயரில்லாத ஒரு மாணவன். படம் அவனையும் ஆளுநர் ஒரெஸ்டஸையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒரெஸ்டஸ் அவளிடம் படித்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது. இந்தப் படத்தில் நம்ப முடியாதது மூலத்தில் இருக்கும், நம்பும்படி இருப்பது புனைவாக இருக்கும். கவனம்.

9 ஜூன்

முதல் நாள் சொன்ன அளவுகோலைப் பற்றி இரண்டாவது யோசனை.

முடிவுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். டாவுஸ் அவளைக் கட்டிப்பிடித்து, வலிக்காமல் மூச்சை அடைத்துக் கொன்றுவிடுகிறான். கும்பல் உள்ளே வரும்போது அவள் மயங்கிவிட்டாள் என்கிறான். கல்லடி வாங்குவது உயிர் போன உடல். மூலத்தில் அப்படி எந்தக் கருணையும் இல்லை. படம் கிறிஸ்தவர்களைக் கறுப்படிக்க மட்டும்தான் வந்தது என்றால், கையில் கிடைத்த மிகக் கொடூரமான உண்மையை ஏன் விட்டுக்கொடுத்தது? அந்தக் கருணைக் கொலையைச் செய்கிறவனும் ஒரு கிறிஸ்தவன்தான்.

ஆகவே "எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது" என்று இந்தப் படத்தைச் சொல்ல முடியாது. நூலகமும் ஹீராக்ஸும் திமொத்தேயுவும் ஒரு பக்கம் சாய்கின்றன. ரொட்டியும் கலவரத்தின் தொடக்கமும் கொலையும் மறுபக்கம். அப்படியென்றால் என் அளவுகோல்படி இது வெறும் அசட்டையா? அதுவும் இல்லை, ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது, பார்க்கும்போது உறுத்துகிறது. கிறிஸ்தவம் எதிர் மற்றவர்கள் என்ற அச்சில் தேடினால் அது பிடிபடாது போல.

10 ஜூன்

பேச்சு வேறு படங்களுக்குப் போய்விட்டது. போகட்டும், நல்லதுதான்.

1950களின் ஹாலிவுட்டை எடுங்கள். 'குவோ வாடிஸ்' (1951). ரோமத் தளபதி ஒருவன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் காதலித்து மனம் திரும்புகிறான், நீரோ பைத்தியக்காரக் கோமாளி. ரோம் எரிந்தது கி.பி. 64இல், நீரோ செத்தது 68இல். படத்துக்கு அந்த நான்கு ஆண்டு பொறுமை இல்லை. 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' (1956), மோசேயின் கதை: இயக்குநர் செசில் பி. டிமில்லே திரைக்கு முன்னால் வந்து நின்று, கடவுளின் சட்டமா, ராம்சேஸ் மாதிரி சர்வாதிகாரியின் இஷ்டமா என்பதுதான் கதை என்று சொல்லிவிட்டுப் போகிறார். பைபிளின் யாத்திராகமத்தில் அந்தப் பார்வோனுக்குப் பெயரே கிடையாது. பனிப்போர் காலத்து அமெரிக்காவில் அந்தப் பேச்சு யாரைக் குறிவைத்தது என்பது அன்று திரையரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' (2004) வேறு ரகம். அரமேயம், லத்தீன் பேசவைத்து, பார்த்தீர்களா எவ்வளவு நிஜம் என்று காட்டியது. கிழக்கு மாகாணங்களில் ரோம அதிகாரிகளின் பொதுமொழி கிரேக்கம். அது படத்தில் இல்லை. கதையின் பல துணுக்குகள் நற்செய்தியில் இல்லாதவை. ஆன் கேதரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னிகாஸ்திரீயின் தரிசனங்களிலிருந்து வந்தவை. இயேசுவுக்குத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பிலாத்து இதில் மனசாட்சியோடு தவிக்கிற நல்ல அதிகாரி. அந்த நூற்றாண்டின் யூத எழுத்தாளர்களான ஃபைலோவும் ஜோசபஸும் காட்டுகிற பிலாத்து கடுமையான ஆள். சமாரியர்களைக் கொன்று குவித்ததற்காகப் பதவி பறிபோனவர். ஆனால் இதில் இயக்குநரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிலாத்தை மென்மையாக்கும் வேலை நற்செய்திகளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "இவன் இரத்தம் எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று யூதர்கள்மேல் பழியைப் போடுகிற வசனத்துக்குத் துணையெழுத்தை (சப்டைட்டிலை) மட்டும் நீக்கிவிட்டு, ஒலியில் அப்படியே விட்டார்கள். எழுத்தில் இல்லை, காதில் இருக்கிறது. சமரசம் என்றால் இதுதான் சமரசம்.

அப்புறம் '300', பாரசீகப் படையை ஸ்பார்ட்டா ராஜா லியோனிடஸ் ஒரு கணவாயில் எதிர்த்து நின்ற கதை. இதில் வருகிற ஸ்பார்ட்டா பக்திக்கு எதிரி. எஃபோர்கள் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகளை அழுகிய முகத்து பூசாரிகளாக்கியிருக்கிறார்கள். லியோனிடஸ் ஆரூடத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய ஸ்பார்ட்டாவில் கார்னெயா திருவிழா முடியாமல் படை முழுதாகக் கிளம்பாது. ஒரு ராஜா சாக வேண்டும், இல்லையேல் ஊர் அழியும் என்ற டெல்ஃபி ஆரூடத்தை நம்பித்தான் லியோனிடஸ் அங்கே நின்றான் என்று அவர் நினைக்கிறார். அந்தக் காலத்து கிரேக்கர்களிலேயே சகுனம் பார்க்காமல் காலை எடுத்து வைக்காதவர்கள் ஸ்பார்ட்டர்கள். அவர்களைப் பகுத்தறிவுப் படையாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கடைசிவரை கூட நின்ற 700 தெஸ்பியர்களும் ஹெலட் அடிமைகளும் போன இடம் தெரியவில்லை, அதுவும் சேர்த்தி.

10 ஜூன், சிறிது கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது பிடிபட்டது.

பழைய படங்களில் நாயகனுக்குத்தான் மதம் உண்டு, வில்லனுக்கு இருப்பது சிலையும் கூத்தும். புதிய படங்களில் வில்லனுக்குத்தான் மதம் உண்டு, நாயகனுக்கு இருப்பது வெறும் அறிவு. ஆட்களை மட்டும் இடம் மாற்றியிருக்கிறார்கள். 'அகோரா'வில் உறுத்தியது இதுதான். கிறிஸ்தவர்களிடமிருந்து எதை எடுத்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது ஹைப்பேஷியாவிடமிருந்து எடுத்ததைப் பார்க்கவில்லை.

11 ஜூன்

"கிளாடியேட்டர்?" என்று ஒற்றைச் சொல்லில் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல அடி. மாக்சிமஸ் சின்னச் சின்ன மூதாதையர் உருவங்களை வைத்துக் கும்பிடுகிறான், செத்த மனைவி மகனிடம் போகப்போகிறோம் என்று நம்புகிறான். வரலாற்றுக் கணக்கில் அந்தப் படம் தேறாது. பேரரசன் கொமோடஸ் அரங்கில் சாகவில்லை, கி.பி. 192இன் கடைசி நாளில் மல்யுத்தப் பயிற்சியாளன் ஒருவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். இருந்தும் ஒரு ரோமானியன் எப்படிச் சாமி கும்பிட்டிருப்பான் என்பதில் மற்ற எல்லாப் படங்களையும்விட அது நாணயமாக இருக்கிறது. என் பொதுவிதியில் ஓட்டை விழுந்ததில் வருத்தமில்லை.

12 ஜூன்

சினேசியஸ். நண்பன் கேட்ட கேள்விக்கான பதில்.

சைரீன் ஊர்க்காரர். ஹைப்பேஷியாவிடம் படித்தவர். அவளுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவளைப் பற்றி நமக்கு நேரடியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர் மூலம்தான். சுமார் 410இல் இவரைத் தோலமாயிஸ் ஆயராக்க விரும்புகிறார்கள். தேர்தலில் நிற்கிறவர் எல்லாம் ஒப்புக்கொள்வார் இல்லையா, இவர் தலைகீழ். சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், ஊர் முழுக்கப் படிக்கட்டும் என்று. என் மனைவியை விட மாட்டேன், ஒளிந்து ஒளிந்தும் வாழ மாட்டேன். ஆன்மா உடலுக்குப் பின் உண்டானது என்று நம்ப மாட்டேன். உலகம் அழியும் என்பதை ஏற்க மாட்டேன். உயிர்த்தெழுதலை மக்கள் நினைக்கிற மாதிரி நினைக்க மாட்டேன், அது ஒரு புனிதமான மறைபொருள். இதெல்லாம் சம்மதமென்றால் வருகிறேன். சம்மதம் சொன்னது யார்? கோயிலை இடித்த அதே தியோஃபிலஸ்! அவர்தான் இவரை ஆயராக அமர்த்தினார்.

கடைசி ஆண்டுகளில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்து, படுக்கையில் இருந்துகொண்டு ஹைப்பேஷியாவுக்கு எழுதுகிறார்: தாயே, சகோதரியே, ஆசிரியையே என்று. சுமார் 413இல், அவளுக்கு முன்பே இறந்துபோகிறார் என்பது பொதுவான கணிப்பு.

இப்போது படத்துக்கு வாருங்கள். அங்கே சினேசியஸ் 415இலும் உயிரோடு இருக்கிறார். அங்கியோடு வந்து, ஒரெஸ்டஸை மண்டியிட வைக்கிறார், ஹைப்பேஷியாவை ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார். செத்தவரை எழுப்பியதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் எழுப்பியது எதற்கு? தன் நம்பிக்கையைப் பேரம் பேசி வாங்கிய ஒரு மனிதனை, இரண்டு வீட்டிலும் கால் வைத்திருந்தவனை, ஒரு பக்கத்துக்குத் துரத்துவதற்கு. சாமி கும்பிட்டுக்கொண்டே யோசித்தவன் அந்த ஊரில் இருந்தான். படத்தில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது.

எனக்குப் பணம் இருந்தால் சினேசியஸைப் பற்றித்தான் படம் எடுப்பேன். யாரும் பார்க்க மாட்டார்கள்.

13 ஜூன்

அப்புறம் ஹைப்பேஷியா. மன்றத்தில் ஒருவர் உனக்கு எதிலும் நம்பிக்கையில்லையே என்னும்போது, நான் தத்துவத்தை நம்புகிறேன் என்கிறாள். கைதட்ட வைக்கிற பதில். பார்க்கிற நமக்கு அதன் பொருள் "எனக்குக் கடவுள் இல்லை" என்பதுதான். அன்றைய அலெக்சாண்ட்ரியாவில் அந்தப் பொருளே எழாது. அவள் பிளேட்டோவின் வழியில், புளோட்டினஸின் மரபில் வந்தவள். அந்த மரபில் கணிதம் படிப்பது ஆன்மாவைத் தூய்மையாக்கி ஏகமான பரம்பொருளை நோக்கி ஏற்றுவதற்கு. சினேசியஸ் கடிதங்களில் அவர்கள் படிப்பைப் பற்றிப் பேசுகிற தொனி மறைஞானத்தில் தீட்சை பெற்றவர்களின் தொனி. ஜியோமிதி அவர்களுக்கு வழிபாடு. அந்த வழிபாட்டை நீக்கிவிட்டு ஜியோமிதியை மட்டும் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள், நமக்குப் பரிச்சயமான ஆளாகத் தெரியட்டும் என்று. அவளைப் போற்றுகிறவர்களே அவளுக்குச் செய்த வேலை இது. சிரில் அவள் மதத்தை வெறுத்தார், படத்துக்கு அது கண்ணிலேயே படவில்லை.

இதனால்தான் "கிறிஸ்தவ வெறுப்பு" என்ற சொல் எனக்குப் போதவில்லை. இந்தப் படத்துக்கு மதம் என்றாலே புரியவில்லை, யாருடையதாக இருந்தாலும்.

14 ஜூன்

கோள் பாதை நீள்வட்டம் என்று படத்தில் ஹைப்பேஷியா கண்டுபிடிக்கிறாளே, அது நிஜமா என்று கேட்டவருக்கு. இல்லை, அவள் கண்டுபிடிக்கவில்லை. கோள் பாதை நீள்வட்டம் என்று 1609இல் அச்சிட்டவர் கெப்ளர். படத்தில் அவள் செய்கிற, பாய்மரத்திலிருந்து பொருளைப் போட்டுப் பார்க்கும் சோதனை நிஜத்தில் கப்பலில் நடந்தது 1640இல், பியர் காசெண்டி செய்தது. ஆனால் படத்தில் அவள் வைத்திருக்கிற மரக் கூம்பு மட்டும் ஆதாரமில்லாதது அல்ல. அப்போலோனியஸின் கூம்பு வெட்டுகள் நூலுக்கு அவள் உரை எழுதினாள் என்று பழைய அகராதி ஒன்று சொல்கிறது; கணித அறிஞர் டயோஃபாண்டஸின் நூலுக்கும் எழுதியிருக்கிறாள். வானியலாளர் தாலமியின் நூலுக்கு அவள் அப்பா எழுதிய உரையில் மூன்றாம் புத்தகத்தின் தலைப்பிலேயே, என் மகள் தத்துவவாதி ஹைப்பேஷியா பார்த்துத் திருத்திய பதிப்பு என்று போட்டிருக்கிறது. ஓர் அப்பா அப்படி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இல்லாத சூரியமையக் கொள்கையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

படம் பார்த்த கையோடு அண்ணன் மகளுக்கு மெழுகுக் கூம்பை வெட்டிக் காட்டினேன். வட்டம் வந்தது, நீள்வட்டம் வந்தது, பரவளையத்தில் கூம்பு உடைந்துவிட்டது. அவள் இப்போது பொறியியல் படிக்கிறாள். அந்தப் படம் பார்த்துத்தான் கூம்பு பிடித்தது என்கிறாள். தப்பான படம் நல்ல காரியம் செய்யாது என்று எழுதுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

16 ஜூன்

"சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள்" என்று குற்றச்சாட்டு. எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நொவாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்மேல் பரிவு அதிகம். சிரில் பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலை அலெக்சாண்ட்ரியாவில் அவர்கள் தேவாலயங்களை மூடிச் சொத்தைப் பறித்தது. ஆகவே சிரில்மேல் அவருக்குக் காய்ச்சல் இருந்தது. டமாஸ்கியஸ் கிறிஸ்தவர் அல்லாதவர், நூறாண்டு கழித்து எழுதுகிறார், சிரில் பொறாமையில் செய்தார் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் எகிப்தின் நிக்கியூ நகர ஆயர் யோவான் தலைகீழாக எழுதுகிறார்: அவள் சூனியக்காரி, ஆளுநரை மயக்கினாள், கொன்றது நல்லதே, ஊரில் கடைசிச் சிலை வழிபாட்டையும் சிரில் ஒழித்தார் என்று மக்கள் கொண்டாடினார்கள். கொன்றதை மறைக்கவே இல்லை, பெருமைப்படுகிறார். மூவருக்கும் மூன்று சார்பு. மூவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று: கிறிஸ்தவக் கூட்டம் அவளைக் கொன்றது. அதற்கு மேல் ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியதுதான்.

17 ஜூன்

ஹைப்பேஷியாவோடு அந்த ஊரில் அறிவியல் செத்துவிட்டது என்று மேலே மூன்று பேராவது எழுதியிருக்கிறீர்கள். படமும் அந்த நினைப்போடுதான் அனுப்பிவைக்கிறது. அலெக்சாண்ட்ரியாவில் கோம் எல்-திக்கா என்ற இடத்தில் போலந்து அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்தவை வகுப்பறைகள். சுமார் 20 கூடங்கள், குதிரை லாட வடிவில் படிப்படியான கல் இருக்கைகள், நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த ஆசனம். காலம் அவள் இறந்ததற்குப் பிற்பட்டது, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் அவை சுறுசுறுப்பாக இயங்கின. அந்த நூற்றாண்டில் கிறிஸ்தவர் அல்லாத ஒலிம்பியோடோரஸ் கிறிஸ்தவ மாணவர்களுக்கு பிளேட்டோ நடத்துகிறார். அதே ஊரில் கிறிஸ்தவரான யோவான் ஃபிலோபோனஸ், கனமான பொருள் அந்த விகிதத்தில் வேகமாக விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கணக்கு தப்பு, போட்டுப் பார்த்தால் தெரியும் என்று எழுதுகிறார். கலிலியோ பின்னால் இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

18 ஜூன்

கல்லூரி வகுப்பில் போடலாமா என்று கேட்ட ஆசிரியருக்கு: தாராளமாகப் போடுங்கள். ஆனால் படத்துக்கு முன்னால் எதையும் கொடுக்காதீர்கள். முதலில் பார்க்கட்டும், கோபப்படட்டும். மறுநாள் சாக்ரடீஸின் திருச்சபை வரலாற்றில் ஏழாம் பகுதியின் 13 முதல் 15 வரையான அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள், மூன்றும் சேர்ந்தே சில பக்கம்தான். ஹீராக்ஸ் எங்கே போனான் என்று முதலில் கேட்கிற பிள்ளைக்கு என் சார்பில் ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.